வாசலில் நிற்பவரின் சம்பளச் சிட்டை

வவுனியாவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாராம். கொழும்பில் ஒரு செக்கியூரிட்டிக் கம்பனிக்கு ஆள் எடுக்கிறார்கள், தங்குமிடமும் சாப்பாடும் தருவார்கள் என்று கூட்டாளி ஒருவன் சொல்ல, பிள்ளை பெட்டி கட்ட நிற்கிறான். "இந்தக் கம்பனிகள் எல்லாம் எப்படி அக்கா இவ்வளவு பெருகின? கம்பனி வளர்ந்தால் பிள்ளையும் வளருவானா? இதைப் பற்றி ஒருக்கா எழுதுங்கோ" என்று கேட்டிருக்கிறார்.

இந்தக் கேள்வியை அவர் மட்டும் கேட்கவில்லை. வங்கி வாசலில், வைத்தியசாலை வாசலில், பாடசாலைப் படலையில், கடைத்தொகுதியில், எங்கே போனாலும் நீல நிறத்திலோ மண்ணிறத்திலோ சீருடை போட்ட ஒருவர் நிற்கிறார். அவருடைய சட்டைப் பையின் மேல் ஒரு கம்பனியின் பெயர் தைக்கப்பட்டிருக்கிறது. அவர் காவல் காக்கும் இடத்துக்கும் அவருக்குச் சம்பளம் கொடுக்கும் இடத்துக்கும் சம்பந்தமில்லை. இந்த விசித்திரத்தை விளங்கிக்கொள்ள ஒரு கம்பனியின் கதையைச் சொல்கிறேன். அது நம் நாட்டுக் கம்பனி அல்ல, பீகாரில் பிறந்தது.

1971ஆம் ஆண்டு இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் போர் நடந்தது, பங்களாதேஷ் பிறந்தது. அந்தப் போரைப் பற்றிச் செய்தி எழுதிய இளம் பத்திரிகையாளர்களில் பாட்னாவைச் சேர்ந்த ரவீந்திர கிஷோர் சின்ஹாவும் ஒருவர். போர்முனையில் அவர் சாதாரணச் சிப்பாய்களோடு பழகினார். இந்திய இராணுவத்தில் சிப்பாய்கள் முப்பத்தைந்து, நாற்பது வயதிலேயே ஓய்வு பெற்றுவிடுவார்கள். உடம்பில் தெம்பிருக்கும், பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள், ஓய்வூதியமோ போதாது. ஊரில் வயல் இருந்தால் பிழைத்தார்கள். இல்லாதவர்கள் வேலை தேடி அலைந்தார்கள்.

1974இல் பீகாரில் ஊழலுக்கும் விலைவாசிக்கும் எதிராக மாணவர்கள் கிளம்பினார்கள். ஜெயப்பிரகாஷ் நாராயண் அந்த இயக்கத்துக்குத் தலைமை தாங்கினார். அவரை ஆதரித்து நின்றதால் சின்ஹாவுக்குப் பத்திரிகை வேலை போனது. அதே ஆண்டில் சொற்ப முதலோடு, ஓய்வு பெற்ற இராணுவத்தினர் சிலரைச் சேர்த்துக்கொண்டு பாட்னாவில் ஒரு காவல் சேவையைத் தொடங்கினார். அதுதான் செக்கியூரிட்டி அன்ட் இன்ரெலிஜென்ஸ் சேர்விசஸ், சுருக்கமாக எஸ்.ஐ.எஸ்.

ஏன் பீகாரில் இது எடுபட்டது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அன்றைய பீகாரின் தென்பகுதிதான் இன்றைய ஜார்க்கண்ட். நிலக்கரிச் சுரங்கமும் உருக்காலையும் நிறைந்த பூமி அது. சுரங்கமென்றால் களவு, ஆலையென்றால் இரும்புத் துண்டு கடத்தல். பொலிசை நம்பி முதலாளிமார் இருக்க முடியவில்லை. 1969இல் பெரிய வங்கிகள் தேசியமயமாக்கப்பட்ட பிறகு சிறு பட்டணங்களிலும் வங்கிக் கிளைகள் திறந்தன. ஒவ்வொரு கிளைக்கும் வாசலில் ஒருவர் வேண்டும். ஒரு பக்கம் வேலையில்லாத முன்னாள் சிப்பாய்கள், மறுபக்கம் காவல் இல்லாத வாசல்கள். இரண்டையும் சேர்த்து வைத்தவர் இடையில் ஒரு பங்கு எடுத்தார். எந்தக் காவல் கம்பனியாக இருந்தாலும் தொழில் அவ்வளவுதான், அதில் மறைபொருள் ஒன்றுமில்லை.

1985ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது வரையறுக்கப்பட்ட தனியார் கம்பனியாகப் பதிவானது. முன்னாள் இராணுவத்தினர் மட்டும் போதாமல் போகவே, கிராமத்து இளைஞர்களை எடுத்துப் பயிற்றும் நிலையம் ஒன்றைக் கர்வா என்ற இடத்தில் அமைத்தார்கள். இந்த இடத்தில்தான் வளர்ச்சியின் சூட்சுமம் இருக்கிறது என்பது என் எண்ணம். பயிற்சி நிலையம் ஏழை மாவட்டத்தில், வாசல்கள் டில்லியிலும் மும்பாயிலும் பெங்களூரிலும். 1991க்குப் பிறகு இந்தியப் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது அடுக்குமாடிகள், கணினிக் கம்பனிகள், பெரிய கடைத்தொகுதிகள், பணம் எடுக்கும் இயந்திரங்கள் என்று வாசல்கள் பெருகிக்கொண்டே போயின. பீகாரிலும் ஜார்க்கண்டிலும் இருந்து பெடியன்கள் ரயிலேறிக்கொண்டே இருந்தார்கள். இன்று இந்தியாவில் பொலிசாரின் தொகையைவிடத் தனியார் காவலர்களின் தொகை பல மடங்கு அதிகம்.

2008இல் நடந்ததுதான் ஆச்சரியம். எஸ்.ஐ.எஸ். கம்பனி அவுஸ்திரேலியாவில் சப் என்ற பெரிய நிறுவனத்தின் காவல் பிரிவை விலைக்கு வாங்கியது. வாங்கப்பட்டது வாங்கியவரைவிடப் பெரிய வியாபாரம். பாட்னாவில் தொடங்கிய கம்பனி வெள்ளைக்காரர் நாட்டுக் கம்பனியை வாங்குவதா என்று பேசிக்கொண்டார்கள். பிறகு 2011இல் ஸ்பெயின் நாட்டுக் கம்பனி ஒன்றோடு சேர்ந்து வங்கிப் பணம் ஏற்றிச் செல்லும் வேலை, 2016இல் துப்புரவு வேலை செய்யும் கம்பனி ஒன்றை வாங்கியது, 2017 ஓகஸ்டில் பங்குச் சந்தையில் இடம்பிடித்தது என்று போகிறது கதை. ஸ்தாபகர் 2014இல் மாநிலங்களவை உறுப்பினராகவும் ஆனார்.

அவுஸ்திரேலியாவைப் பற்றி ஒரு விடயத்தை மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும். பங்குச் சந்தைக்கு வந்த காலத்தில் அந்தக் கம்பனியில் இந்தியாவில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்தார்கள். அவுஸ்திரேலியாவில் சில ஆயிரம் பேர்தான். ஆனால் மொத்த வரவில் பாதிக்கு மேல் அந்தச் சில ஆயிரம் பேர் நின்ற வாசல்களிலிருந்து வந்தது. இரண்டு இடத்திலும் வேலை ஒன்றே. நிற்பது, பார்ப்பது, பதிவது, தடுப்பது. அங்கே காவலருக்குத் தனி அனுமதிப்பத்திரம் வேண்டும், இரவு வேலைக்கும் ஞாயிறு வேலைக்கும் இவ்வளவு கூட்டிக் கொடு என்று சட்டபூர்வமான சம்பளத் திட்டம் இருக்கிறது. அதற்குக் கீழே யாரும் விலை பேச முடியாது. ஆகவே கம்பனிகள் சம்பளத்தைக் குறைத்துப் போட்டி போட வழியில்லை. ஒரே முதலாளியிடம் வேலை செய்யும் இரண்டு காவலரின் வாழ்க்கையை மலைக்கும் மடுவுக்குமாக்கியது நாட்டின் சட்டமும் அதை அமுல்படுத்தும் அதிகாரியும்தான்.

இந்தியாவிலும் சட்டம் இல்லாமலில்லை. 2005இல் தனியார் காவல் முகவர் நிலையங்களுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் நடத்தக்கூடாது, இராணுவம் பொலிசைப் போன்ற சீருடை போடக்கூடாது என்றெல்லாம் விதித்தது. அதன் கீழ் வந்த முதல் மாதிரி விதிகள் காவலருக்கு 160 மணித்தியாலப் பயிற்சி வேண்டும் என்றன. 100 மணித்தியாலம் வகுப்பில், 60 மணித்தியாலம் வெளியில். ஆணுக்கு 160 சென்ரிமீற்றர் உயரம், பெண்ணுக்கு 150. இலங்கையில் இதற்கு முன்னமே, 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. இங்கே காவல் கம்பனி நடத்துபவர் பாதுகாப்பு அமைச்சில் பதிவு செய்ய வேண்டும். ஆகவே வவுனியாத் தாய் முதலில் கேட்க வேண்டியது, "தம்பி, அந்தக் கம்பனி பதிவு செய்ததா?" என்பதைத்தான்.

இனி வளர்ச்சியின் கணக்கைப் பார்ப்போம். அடுப்படியில் கணக்குப் பார்க்கிற நமக்கு இது விளங்காத ஒன்றல்ல.

ஒரு வாசல் இரவு பகலாகத் திறந்திருக்கிறது. கிழமைக்கு 168 மணித்தியாலம். இலங்கையில் ஒரு தொழிலாளியின் சாதாரண வேலை நேரம் கிழமைக்கு 45 மணித்தியாலம் என்று எடுத்தால், அந்த ஒரு வாசலுக்கு நாலு பேர் வேண்டும். ஒருவர் சுகவீனமானால், ஒருவர் வீட்டில் சாவீடு என்றால், மாற்றாள் ஒருவரும் வேண்டும். ஆனால் வாசலுக்குச் சொந்தக்காரர் நாலு பேரின் சம்பளத்துக்கு விலை கேட்டால் அடுத்த கம்பனியைக் கூப்பிடுவார். கம்பனி என்ன செய்யும்? இரண்டு பேரைப் போடும். ஆளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம், கிழமையில் ஏழு நாளும். 84 மணித்தியாலம். மிகுதி நேரம் எல்லாம் ஓ.ரீ. என்று எழுதப்படும். ஆளுக்கும் ஒரு தொகை கூடக் கிடைப்பதால் அவரும் சம்மதிப்பார். ஓ.ரீ. இல்லாமல் வெறும் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாது என்பதால்தான் அந்தச் சம்மதம் வருகிறது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. காவலருக்கு மாதம் பிறந்து பத்தாம் திகதிக்குள் சம்பளம் கொடுக்க வேண்டும். வாசலுக்குச் சொந்தக்காரர் பில்லைக் கொடுத்து இரண்டு மாதம் கழித்தே காசு தருவார். அரச நிறுவனமென்றால் இன்னும் பிந்தும். ஆளுக்கு 40,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், நூறு பேர் வைத்திருக்கும் கம்பனி 80 இலட்சத்தைக் கையிலிருந்து போட வேண்டும். ஆயிரம் பேராக வளர்ந்தால் எட்டுக் கோடி. இந்தத் தொழிலில் வளர வளரக் கடன் கூடும். வங்கிக் கடன் எடுக்க வல்லமையுள்ள கம்பனி பெருக்கும். இல்லாதது வேறு இடத்தில் கடன் எடுக்கும். அந்த வேறு இடம் பெரும்பாலும் காவலரின் சேமலாப நிதிப் பணம்தான். பிடித்த காசைக் கட்டாமல் இரண்டு மாதம் சமாளிக்கலாம் என்று தொடங்கும், அது இரண்டு வருடமாகும்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு குடும்பம் இருக்கிறது. கணவர் ஒரு கம்பனியில் பதினொரு வருடம் காவல் கடமை பார்த்தார். பெரும்பாலும் இரவுக் கடமை. 2023இல் ஒருநாள் விடியப்புறம் கடமை முடித்து வந்தவர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்தார், எழும்பவில்லை. மாரடைப்பு. இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவள் அப்போது சாதாரண தரம். முப்பத்தொன்று முடிந்த பிறகு மனைவி என்னிடம் வந்து, "அக்கா, இவற்ர காசு ஏதும் வருமோ? கம்பனியில கேட்டால் பிறகு வாங்கோ எண்டு சொல்லினம்" என்றார். நானும் கூடவே தொழில் காரியாலயத்துக்குப் போனேன். விசாரித்தால், பதினொரு வருட வேலைக்கு ஏழு வருடம்தான் பணம் கட்டப்பட்டிருந்தது. இடையில் கம்பனி பெயரை மாற்றிக்கொண்டு புது ஒப்பந்தம் எடுத்திருந்தது. பழைய பெயரில் வேலை செய்த காலத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று அங்கிருந்த முகாமையாளர் தொலைபேசியில் சொன்னார்.

அந்த மனிதர் ஒரு நல்ல காரியம் செய்து வைத்திருந்தார். ஒவ்வொரு மாதச் சம்பளச் சிட்டையையும் ஒரு பழைய பிஸ்கட் ரின்னுக்குள் அடுக்கி வைத்திருந்தார். பெயர் மாறிய பிறகும் ஊழியர் இலக்கம் மாறவில்லை, நின்ற வாசலும் மாறவில்லை என்பதை அந்தச் சிட்டைகள் காட்டின. அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். "இது போதும் அம்மா" என்றார். முறைப்பாட்டுக்குக் காசு கட்டவில்லை, சட்டத்தரணி பிடிக்கவில்லை. அலைச்சல்தான். ஒன்பது மாதம், ஆறு விசாரணை. ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் தையல் வேலையை விட்டுவிட்டு பஸ்ஸில் போய் வந்தார். கடைசியில் நிலுவையும் பணிக்கொடையும் கிடைத்தன.

பணிக்கொடை என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்த மாதச் சம்பளக்காரருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் கிடைக்க வேண்டும். இறந்துபோனால் உரித்தாளருக்கு. பதினொரு வருடத்துக்கு ஐந்தரை மாதச் சம்பளம். மூத்தவள் அந்தக் காசில்தான் உயர்தர வகுப்புக்குப் போகிறாள்.

இப்போது வவுனியா வாசகிக்கு. மகன் போவதென்றால் போகட்டும், அது மரியாதையான வேலைதான். ஆனால் "கைக்கு 60,000 வரும்" என்று யாராவது சொன்னால், அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஓ.ரீ. எவ்வளவு என்று கேட்கச் சொல்லுங்கள். சேமலாப நிதி ஓ.ரீ. பணத்துக்குக் கணக்கிடப்படுவதில்லை. அடிப்படை 30,000 என்றால் பிள்ளையிடம் 8 சதவீதம், அதாவது 2,400 பிடிப்பார்கள். கம்பனி தன் பங்குக்கு 12 சதவீதம், 3,600 போட வேண்டும். அதைவிட ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம், 900. இந்த 900ஐப் பிள்ளையின் சம்பளத்தில் பிடிக்க முடியாது, முழுவதும் கம்பனியின் பொறுப்பு. தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபா, 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா. அதற்குக் கீழே அடிப்படையைக் காட்டி மிச்சத்தை "ஊக்குவிப்பு", "வரவுக் கொடுப்பனவு" என்று வேறு பெயர்களில் எழுதினால் அங்கே ஏதோ இருக்கிறது. சேமலாப நிதிப் பத்திரத்தில் பின்னுரித்தாளி யார் என்று எழுதிக் கொடுக்கவும் மறக்க வேண்டாம். கல்யாணத்துக்கு முன் தாயின் பெயரை எழுதிவிட்டுப் பிறகு மாற்றாமல் விட்டதால் எத்தனை வீடுகளில் மாமிக்கும் மருமகளுக்கும் சண்டை!

சீருடைக்குக் காசு பிடிப்பார்களா, தங்குமிடத்துக்குப் பிடிப்பார்களா, இடையில் விலகினால் பிணைப்பணம் கேட்பார்களா என்பதையும் எழுத்தில் வாங்கட்டும். வாயால் சொல்வது வவுனியாவிலிருந்து பஸ் ஏறும் வரைக்கும்தான்.

கம்பனி வளர்ந்தால் பிள்ளை வளருவானா என்பதற்கு நேர்மையாகச் சொன்னால், பெரும்பாலும் இல்லை. நூறு காவலருக்கு ஒரு சில மேற்பார்வையாளர்தான். மற்றவர்கள் எத்தனை வருடம் போனாலும் காவலர்தான். எஸ்.ஐ.எஸ். போன்ற பெரிய கம்பனிகள் அதிகாரிப் பயிற்சிக்குப் பட்டதாரிகளைத் தனியாகவே எடுக்கின்றன. ஆகவே ஒரு வருடம், இரண்டு வருடம் நின்று காசு சேர்த்துக்கொண்டு, பகலில் ஒரு தொழில் படிக்கலாம். தீயணைப்பு, முதலுதவி, கண்காணிப்புக் கமரா பொருத்துதல் என்று அந்த வேலைக்குப் பக்கத்திலேயே பயிற்சிகள் உண்டு. பன்னிரண்டு மணித்தியாலக் கடமைக்குப் பிறகு படிக்க உடம்பு இடம் கொடுக்குமா என்பது வேறு கேள்வி. எட்டு மணித்தியாலக் கடமை தரும் இடமாகப் பார்த்து, சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் அங்கே போவது நல்லது என்பேன்.

பெண்கள் இந்த வேலைக்கு வருவதும் கூடியிருக்கிறது. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு பைகளைச் சோதிப்பது எல்லா இடத்திலும் வந்தது, பெண்களைச் சோதிக்கப் பெண்தான் வேண்டும். 2020இல் கொரோனாவோடு உடல் வெப்பம் பார்ப்பதும் கை கழுவச் சொல்வதும் சேர்ந்தன. வைத்தியசாலைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் நிற்கும் பெண்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் முதலில் சொல்லும் குறை சம்பளம் அல்ல, மலசலகூடம். அதற்குப் போக வேண்டுமென்றால் வாசலை யார் பார்ப்பது? தண்ணீர் குடிக்காமலே கடமை நேரத்தை ஓட்டிச் சிறுநீர்த் தொற்று வந்தவர்கள் இருக்கிறார்கள். அடுத்த குறை, இருக்க முடியாது என்பது.

கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் இருக்கும் உரிமைக்காகப் பல வருடம் போராடி, 2018இல் கடைகளில் ஆசனம் வைக்க வேண்டும் என்று சட்டத் திருத்தம் பெற்றார்கள். 2021இல் தமிழ்நாடும் அதேபோலச் செய்தது. ஆனால் கடைக்குள் விற்பனை செய்யும் பெண் கடையின் ஊழியர். வாசலில் நிற்கும் பெண் வேறொரு கம்பனியின் ஊழியர். "அவ எங்கட ஆள் இல்லை" என்று கடைக்காரர் சொல்வார், "அது எங்கட இடம் இல்லை" என்று கம்பனி சொல்லும். இந்தியாவில் 1970இல் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் வசதி செய்து கொடுக்காவிட்டால் இடத்துக்குச் சொந்தக்காரர் செய்து கொடுக்க வேண்டும், சம்பளம் கொடுக்காவிட்டாலும் அவரே பொறுப்பு என்று சொன்னது. காவலரை அமர்த்தும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களிலும் ஆலய நிர்வாகங்களிலும் நம் வாசகிகள் பலர் இருக்கிறீர்கள். விலைமனு திறக்கும்போது ஆகக் குறைந்த விலையைப் பார்த்தவுடன் சந்தோசப்படாமல், அந்த விலைக்குள் சேமலாப நிதி அடங்குமா என்று ஒருதடவை கூட்டிப் பாருங்கள். சென்ற மாதம் கட்டிய பற்றுச்சீட்டைக் காட்டினால்தான் இந்த மாதக் காசு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கலாம். பற்றுச்சீட்டு இல்லாமல் பில் வந்தால் திருப்பி அனுப்பலாம்.

நான் மாதாமாதம் கிளினிக்குக்குப் போகும் இடத்தில் ஒரு பெண் காவலர் நிற்கிறார், ஐம்பது வயதிருக்கும். வீட்டிலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்ரிக் முக்காலி கொண்டுவந்து பூச்சாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார். சனம் குறைந்த நேரத்தில் அதில் குந்துவார். மேற்பார்வையாளரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எழும்பிவிடுவார். போன மாதம் போனபோது முக்காலியைக் காணவில்லை. கேட்டேன். "பிடிபட்டிட்டுது அம்மா. ஒரு நாள் சம்பளமும் வெட்டிப்போட்டினம்" என்று சொல்லிவிட்டு என் இலக்கத் துண்டை வாங்கிப் பார்த்து, "நீங்கள் நாப்பத்திரண்டு, போய் இருங்கோ, கூப்பிடுவினம்" என்றார்.